விதைப் புற்றுநோய் விழிப்புணர்வு: கடலூர், புதுச்சேரி ஊர்த் தலைவர்கள் கேட்கும் கேள்விகள்

மீனவப் பஞ்சாயத்தார், ஜமாத் நிர்வாகிகள், பங்குப் பேரவையினர், இளைஞர் மன்றத் தலைவர்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. மருத்துவர் ஆவதற்கு அல்ல, ஊரைக் கூட்டிச் சரியான விஷயத்தைச் சரியாகச் சொல்வதற்கு. விதை என்று இங்கே சொல்வது ஆணின் விதைப்பைக்குள் இருக்கும் விந்தகத்தை.

எங்கள் ஊரில் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. இதற்கென்று ஒரு கூட்டம் தேவையா?

நியாயமான கேள்வி. இந்தியாவில் இந்த நோய் அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 26 லட்சம். அதில் பாதி ஆண்கள் என்று வைத்தால் மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாது. 1,500 ஆண்கள் உள்ள ஒரு குப்பத்தில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருவர் வந்தாலே அதிகம்.

அதனால் "விதைப் புற்றுநோய்" என்ற ஒன்றை மட்டும் தலைப்பாக்கி ஊரைப் பயமுறுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விதையில் எது வந்தாலும் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதே தலைப்பாக இருக்கட்டும். அதற்குள் நான்கு விஷயங்கள் அடங்கும்: விதை முறுக்கிக்கொள்வது, குழந்தைக்கு விதை இறங்காதது, ஓதமும் (விதையைச் சுற்றி நீர் கோத்து வீங்குவது) குடலிறக்கமும், புற்றுநோய். முதல் மூன்றும் எந்த ஊரிலும் உண்டு. நான்காவது அரிது, ஆனால் வந்தால் வருவது கல்யாணத்துக்கு நிற்கிற வயதுப் பையனுக்கு. சீக்கிரம் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள். இவ்வளவு நன்றாகக் குணமாகும் நோயில் வெட்கத்தால் ஆறு மாதம் போவதுதான் பெரிய நஷ்டம்.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள். புற்றுநோய் என்றால் வயதானவர்களுக்கு என்ற எண்ணம் இங்கே உதவாது. பிறவியில் விதை இறங்காதவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்தவர்கள், ஒரு விதையில் ஏற்கெனவே வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் கூடுதல். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது.

வீங்கினால் ஓதம் என்று விட்டுவிடுகிறார்களே?

இந்தக் கடற்கரையில் தாமதம் தொடங்குவதே இங்கேதான். கொசுவால் பரவும் யானைக்கால் நோய் நீண்ட காலம் இருந்த பகுதி இது. புதுச்சேரியில் கொசு வழி நோய்களுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்கி வருகிறது. தாத்தாவுக்கும் மாமாவுக்கும் ஓதம் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், பேரனுக்கு வீங்கினாலும் அதுவே என்று நினைப்பது இயல்பு.

பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் விதையில் கட்டி வளரும்போது அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் நீராகவே தெரியும். ஆகவே கூட்டத்தில் ஒரே விதியாகச் சொல்லுங்கள்: நாற்பது வயதுக்குள் புதிதாக விதை வீங்கினால், ஓதமாகவே தோன்றினாலும், ஒரு ஸ்கேன் எடுக்காமல் முடிவு கட்டக் கூடாது. விதைப்பைக்கான அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கால் மணி நேர வேலை, ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

ஸ்கேன் எடுக்கும் முன் ஊசி போட்டு நீரை எடுக்கவும் விடக் கூடாது. உள்ளே புற்று இருந்தால், விதைப்பை வழியாக ஊசி நுழைவது நோய் பரவும் வழியை மாற்றிவிடும்.

கூட்டம் எப்போது, எங்கே?

உலகம் முழுக்க ஏப்ரலை இதற்கான மாதமாக வைத்திருக்கிறார்கள். நமக்கும் அது பொருந்தி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிக்குப்பம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் விசைப்படகுக்குப் போகிற இளைஞர்கள் கரையில் இருக்கும் நேரம் அதுதான். வலை பின்னுகிற கொட்டகையில் மாலை ஐந்தரை மணிக்குப் பேசினால் யாரையும் தேடிப் போய் அழைக்க வேண்டியதில்லை. நவம்பரிலும் ஆண்கள் உடல்நலத்துக்கென்று பல நாடுகளில் இயக்கம் நடத்துகிறார்கள். இங்கே நவம்பர் என்றால் மழையும் புயல் எச்சரிக்கையும்தான், அதை விட்டுவிடுங்கள்.

கல்லூரிகளில் விடுதிக் கூட்டம் வகுப்பறைக் கூட்டத்தைவிட நன்றாக நடக்கும். சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறும்போது இருபது நிமிடம் கேட்டு வாங்கலாம். கபடி, கிரிக்கெட் போட்டி நடத்தும் மன்றங்கள் பரிசளிப்பின்போது பேசாமல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அணித் தலைவர்களை மட்டும் கூட்டிப் பேசட்டும். மாசி மகம், தேர்த் திருவிழா போன்ற குடும்பக் கூட்டம் இதற்கு இடமல்ல. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வதும் சிரிப்பில்தான் முடியும்.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஆண்கள் மட்டும், இருபது முதல் முப்பது பேர். நூறு பேர் சேர்ந்தால் கேலி தொடங்கிவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். பேசுபவர் ஆண் மருத்துவராகவோ ஆண் செவிலியராகவோ இருந்தால் நல்லது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். தலைவர் செய்ய வேண்டியது முதல் இரண்டு நிமிடம் மட்டும். பெரியவர் ஒருவர் எழுந்து "விதை" என்ற சொல்லைத் தயங்காமல் நான்கு முறை சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் நெளிய மாட்டார்கள்.

பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் மாதிரியைத் தொட்டுப் பார்ப்பது, மீதி கேள்விக்கு. கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா, ஒரே அளவுச் சீட்டு. கேள்வி இல்லாதவரும் ஏதாவது ஒரு வரி எழுதிப் போட வேண்டும், இல்லாவிட்டால் யார் எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

மாதிரி எங்கே கிடைக்கும்?

மருத்துவக் கல்லூரிகளில் சிலிக்கான் மாதிரி இருக்கும், கேட்டால் தருவார்கள் என்ற உறுதி இல்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சப்பாத்தி மாவைத் தண்ணீர் குறைத்து எண்ணெய் கூட்டிப் பிசைந்து, 25 கிராம் அளவில் இரண்டு உருண்டை எடுத்து, நாலரை சென்டிமீட்டர் நீளத்துக்கு முட்டை வடிவாக உருட்டுங்கள். வளர்ந்த ஆணின் விதை ஏறத்தாழ அந்த அளவுதான். ஒன்றின் பக்கவாட்டில், மேல்பரப்புக்குச் சற்று உள்ளே, ஒரு சிறிய புளியங்கொட்டையைப் பதியுங்கள். காய்ந்த பட்டாணி வைத்தால் சில மணி நேரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும், வித்தியாசம் தெரியாது. பலூனின் கழுத்தை வெட்டி வாயை விரித்து மாவின் மேல் மாட்டி இறுக்கமாக முடிச்சிடுங்கள். இரண்டையும் ஒரு மெல்லிய துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்து, எதில் கல் இருக்கிறது என்று கேளுங்கள். அன்று செய்ததை அன்றே பயன்படுத்த வேண்டும், மறுநாள் மாவு இறுகி இரண்டுமே கல்லாகத் தெரியும்.

தானே தொட்டுப் பார்ப்பது எப்படி என்று என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

குளித்து முடித்ததும் பார்ப்பது எளிது, அப்போது தோல் தளர்ந்திருக்கும். அதிகாலைக் குளிரில், கடலிலிருந்து ஏறியவுடன் பார்த்தால் சுருங்கி இருக்கும், ஒன்றும் பிடிபடாது. நின்றுகொண்டு முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், ஏதாவது புதிய வீக்கம் உண்டா என்று. பிறகு ஒவ்வொரு விதையாக, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அழுத்தக் கூடாது. விதை முழுக்க வழவழப்பாக, ஓரளவு உறுதியாக, ஒரே சீராக இருக்கும்.

பயந்து ஓடி வருபவர்களில் பலர் தொட்டது விதையின் பின்பக்கம் உள்ள மெத்தென்ற கயிறு போன்ற பகுதியை. அது விந்து செல்லும் குழாய்த் தொகுதி, எல்லோருக்கும் உண்டு. ஒரு விதை சற்றுப் பெரிதாக இருப்பதும், இடப்பக்கம் சற்றுக் கீழே தொங்குவதும் சாதாரணம். கவனிக்க வேண்டியது விதையோடு ஒட்டி, கல் போல, பெரும்பாலும் வலியே இல்லாமல் இருக்கும் கட்டி. ஒரு பக்கம் கனமாக உணர்வது, அடிவயிற்றில் மந்தமான வலி, விதையின் அளவு மாறுவது, பையனுக்கு மார்பு வீங்குவது ஆகியவையும் கணக்கில் சேரும்.

"வலி இல்லையே, அப்புறம் என்ன?" என்பதுதான் ஊரில் அதிகம் கேட்கும் பேச்சு. இந்த நோயில் வலியின்மை ஆறுதல் தரும் அறிகுறி அல்ல என்பதைத் தனியாக, நிறுத்திச் சொல்லுங்கள்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பரிசோதனை முகாம் நடத்தலாமா?

வேண்டாம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011-ல் அறிகுறி இல்லாத ஆண்களுக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை என்று பரிந்துரைத்தது. நோய் அரிது, கொஞ்சம் தாமதமாகக் கண்டாலும் குணமாகும் வாய்ப்பு அதிகம், வீண் பயமும் வீண் ஸ்கேனும் மிச்சம் என்பதே காரணம். நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு: முகாம் என்று போட்டால், போனவனுக்கு ஏதோ இருக்கிறது என்று அன்று மாலையே டீக்கடையில் பேச்சு வந்துவிடும். தன் உடலில் எது இயல்பு என்று ஒவ்வொருவனும் தெரிந்துவைத்திருப்பதும், மாறினால் போக ஓரிடம் தெரிந்திருப்பதும் போதும்.

திடீரென்று கடும் வலி வந்தால்?

அது புற்றுநோய்க் கேள்வி அல்ல, அவசரம். விதை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு அதிகம், தூக்கத்திலேயே வரும், வாந்தியும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வரும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. ஒரு நாள் போனால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். விடியட்டும் என்று காத்திருப்பதும், வலி மாத்திரை போட்டுப் படுக்க வைப்பதும், வெட்கத்தில் பையன் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்வதும்தான் இதில் நடக்கும் தவறுகள். இரவு இரண்டு மணியானாலும் 108. இந்த ஒரு பத்தி மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலே கூட்டம் போட்ட செலவு வீணில்லை.

பெண்களையும் கூட்ட வேண்டுமா?

கட்டாயம், தனியாக. மகனின் உடம்பை முதலில் கவனிப்பது அம்மா. ஆண் குழந்தை பிறந்ததும் இரண்டு விதையும் பையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்காதது பல குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஒன்றரை வயதுக்குள் அறுவை முடிந்துவிடுவது நல்லது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், தனியாக அலைய வேண்டாம். "பெரியவனானால் தானா வந்துடும்" என்று விட்ட பையன்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அறுவை செய்தால் வாய்ப்புக் குறையும், அத்துடன் விதை தொட்டுப் பார்க்கும் இடத்துக்கு வந்துவிடும். வயிற்றுக்குள்ளேயே இருக்கும் விதையில் கட்டி வந்தால் யார் கைக்கும் தெரியாது. இருபது வயதுக்கு மேல் ஒரு பக்கம் விதை இல்லாமல் இருப்பவர்கள் தயங்காமல் காட்ட வேண்டும் என்பதை ஆண்கள் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்து ஒரு பையன் தனியாக வந்தால் என்ன செய்வது?

பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "அண்ணே, ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு..." அந்த நண்பன் யார் என்று கேட்காதீர்கள். காட்டு என்று சொல்லாதீர்கள், தொடாதீர்கள், டார்ச் அடித்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம். "தம்பி, உன் ஃப்ரெண்ட நாளைக்கே சர்ஜரி ஓபிக்குப் போகச் சொல்லு, கூட ஆள் வேணும்னா நான் வரேன்" என்றால் போதும். எத்தனை நாளாக என்பதை மட்டும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட விடாதீர்கள்.

இதற்காகவே ஊரில் இரண்டு பேரை, முப்பது நாற்பது வயதுக்காரர்களை, முன்கூட்டியே தேர்ந்து அவர்கள் கைபேசி எண்ணைக் கூட்டத்தில் கொடுங்கள். வாய்க்கட்டு உள்ளவர்களாக இருக்க வேண்டும், அதுதான் ஒரே தகுதி. ஒருவன் பெயர் ஒருமுறை வெளியே போனால் அடுத்தவன் வர மாட்டான்.

எங்கே அனுப்புவது, அங்கே என்ன செய்வார்கள்?

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். புற்றுநோய் என்று உறுதியாகிற நிலையில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையமோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமோ போகும் இடமாக இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்கேன். சந்தேகம் இருந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகள். இவற்றை அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு ஒப்பிட அதுதான் அடிப்படை. மற்ற புற்றுநோய்களைப் போலச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது இதில் வழக்கமில்லை. இடுப்பு மடிப்பில் கீறி விதையை முழுதாக எடுத்து, அதைத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். விதைப்பையைக் கீறுவதில்லை. "டெஸ்ட்டே பண்ணாம எடுத்துட்டாங்க" என்று ஊரில் கோபப்படுவார்கள், அதனால் இந்தக் காரணத்தை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது உதவும்.

அதன் பின் சி.டி. ஸ்கேன். பரவவில்லை என்றால் பலருக்குக் கண்காணிப்பு மட்டுமே. பரவியிருந்தால் பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த மருந்து, 21 நாளுக்கு ஒரு சுழற்சி, மூன்று அல்லது நான்கு சுழற்சி. நுரையீரல் வரை போனவர்கள்கூடப் பலர் இதில் குணமாகிறார்கள். இங்கே கெடுவது ஒன்றில்தான்: இரண்டு சுழற்சியில் கட்டி கரைந்ததும், முடி கொட்டுகிறது, வாந்தி தாங்கவில்லை என்று நிறுத்துவது. குறித்த நாளில் குறித்த அளவு போனால்தான் அந்தக் குணம்.

இன்னொரு வழித்தவறல்: விதையில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்து, குறையாமல் மறுபடியும் மாத்திரை. ஒரு முறை மருந்து முடித்தும் வீக்கம் வற்றவில்லை என்றால் அடுத்தது ஸ்கேன்தான் என்று சொல்லி வையுங்கள்.

கல்யாணம், குழந்தை?

கேள்விச் சீட்டில் பாதி இதுவாகத்தான் இருக்கும். மீதி உள்ள ஒரு விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் தாம்பத்தியத்துக்கும் அதுவே போதும், குழந்தையும் பிறக்கும். மருந்துச் சிகிச்சை விந்தணுவைப் பாதிக்கலாம் என்பதால், தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்து உறைய வைக்க முடியும். கல்யாணமாகாத பையன் இதை மருத்துவரிடம் தானாகக் கேட்க மாட்டான், கூடப் போகிறவர் கேட்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. வெளித்தோற்றம் உறுத்தினால் சிலிக்கான் விதை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

பைக் ஓட்டுவது, இறுக்கமான ஜட்டி, பந்து பட்டது?

இவற்றால் வருவதாக ஆதாரம் இல்லை. அடிபட்டபோது தடவிப் பார்த்ததில் ஏற்கெனவே இருந்த கட்டி தெரியவந்திருக்கும், அவ்வளவுதான். தொற்றுநோயும் அல்ல, தப்பு செய்ததால் வருவதும் அல்ல. இதைப் பெரியவர் வாயால் சொல்ல வேண்டும்.

யுவராஜ் சிங் உதாரணம் சொல்லலாமா?

சொல்லலாம், சரியாகச் சொன்னால். அவருக்குக் கட்டி இருந்தது நெஞ்சுக்குள், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, விதையில் அல்ல. ஆனால் விதையில் வருகிற அதே செல் வகைக் கட்டி. 2012-ல் அமெரிக்காவில் சிகிச்சை முடித்து, அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணிக்கு ஆடினார். பையன்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பிலும் என்ன எழுதுவது?

படம் வேண்டாம், உறுப்பின் படம் போட்டால் அது வேறு குழுக்களுக்கு வேறு காரணத்துக்குப் போகும். நான்கு வரி போதும்: "விதையில் வலியில்லாத கட்டியா, புதிய வீக்கமா? இரண்டு வாரத்துக்குள் சர்ஜரி ஓபி, ஒரு ஸ்கேன். திடீர்க் கடும் வலியா? உடனே 108. கூட வர ஆள் வேண்டுமானால் இந்த எண்." சலூன் கண்ணாடி ஓரம், கல்லூரிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உடற்பயிற்சிக் கூடம் ஆகிய இடங்களில் ஒட்டலாம். தனியாக நின்று படிக்க முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

செலவு?

ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ திட்டமும் அந்தப் பக்கம். தமிழ்நாட்டு அட்டைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புதுச்சேரி அட்டைக்கு ஆயுஷ்மான் பாரத். பாகூர் பக்கத்து ஊர்களில் வீடு ஒரு மாநிலம், ஆஸ்பத்திரி ஒரு மாநிலம் என்று இருக்கும். சேர்க்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், படுத்த பிறகு அட்டை வாங்க அலைவது கடினம்.

சிகிச்சை முடித்தவருக்கு ஊர் என்ன செய்யலாம்?

மேடையேற்ற அவசரப்பட வேண்டாம், அவராக விரும்பினால் மட்டும். அதைவிட அவர் மறுபரிசோதனை நாட்களைத் தவறவிடாமல் பார்ப்பது முக்கியம். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும், அப்போதும் சீக்கிரம் கண்டால் குணப்படுத்தலாம். உடம்பு தேறியதும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறுவது நம் பக்க வழக்கம். ஏறுபவர் நோயியல் அறிக்கை, கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகள், சி.டி. படத்தின் குறுந்தகடு, மருந்து கொடுத்த அளவும் தேதியும் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போகட்டும். எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வீட்டில் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.